வாரிசுக் கட்சிக்காரி

ராக்காயியைக் கொன்றிருந்தால்கூடக் கோகிலவாணி பொறுத்துக்கொண்டிருப்பாள். காமிக்ஸில் செத்தவர்கள் எழுந்து வருவது என்ன புதிதா? கொல்லவில்லை, பங்களாக்காரியாக்கி வைத்திருந்தார்கள். அதைப் படித்தபோது கோகிலவாணி தான் வேலை பார்க்கும் மஞ்சூர் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே ரீசார்ஜுக்கு வந்த ஆள் நம்பரை இரண்டு தரம் சொல்லிவிட்டு, "ஏனுங்க, காது கேக்குதுங்களா?" என்றார். கேட்கவில்லை. காதுக்குள் தேயிலை ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது.

'அறுவர் படை' கோயமுத்தூரிலிருந்து மாதாமாதம் வரும் காமிக்ஸ். கடலுக்கடியில் மூச்சுவிடும் மீனவன், மின்னலைக் கயிறாகச் சுருட்டும் லைன்மேன் என்று ஆறு பேர். மற்ற ஐந்து பேருக்கும் ரசிகர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். எஸ்டேட் சனத்துக்கு ஆறாவது ஆள்தான் உயிர். பெயர் ராக்காயி, படையில் அவள் பட்டம் கவ்வாத்து. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையடிப்பதுதான் கவ்வாத்து. வெட்டுப்பட்ட செடி முன்னைவிட வெறியோடு துளிர்க்கும். ராக்காயியும் அப்படித்தான், வெட்ட வெட்டத் துளிர்ப்பாள். முதுகில் பளபளக்கும் மேலங்கியெல்லாம் கிடையாது, மழைக்குப் போடும் கறுப்புக் கம்பளிதான். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வெட்டுப்பட்ட சனத்தின் வீம்பெல்லாம் ஒரு பெண்ணுக்குள் இறங்கினால் எப்படி இருக்கும், அதுதான் ராக்காயி என்று முதல் இதழில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்குத்தான் கோகிலவாணி அந்தக் காமிக்ஸுக்கு அடிமையானாள்.

இப்போது புது இதழ், 'பங்களா ரகசியம்'. அடிபட்டு மயங்கிக் கிடக்கும் ராக்காயியின் தலைமாட்டில் கிழட்டு பட்லர் ஒருத்தர் உட்கார்ந்து, "நீ லயத்தில் பிறந்தவள் அல்ல தாயே. பெரிய துரையின் பேத்தி. தொட்டிலில் உன்னை மாற்றிவிட்டார்கள்" என்று அழுகிறார். ராக்காயியின் சக்தியே துரையின் ரத்தத்தில் வந்ததாம். துரையின் பாட்டன் காட்டில் ஏதோ அபூர்வப் பூவைத் தின்றாராம். அடுத்த கட்டத்தில் ராக்காயி கண்ணைத் திறக்கிறாள். நிறம் இரண்டு மாற்றுக் கூடியிருந்தது.

இணையத்தில் ரசிகர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். "செம ட்விஸ்ட் ப்ரோ." "புல்லரிச்சுப் போச்சு." "இப்பத்தான் கவ்வாத்துக்கு ஒரு கெத்து வந்திருக்கு." இந்தக் கடைசி வரியை எழுதியவன் கையில் கிடைத்தால் கோகிலவாணி என்ன செய்திருப்பாளோ தெரியாது. இப்பத்தான் கெத்தா? இதுவரைக்கும் என்ன, பிச்சையா எடுத்தாள்?

குந்தா வட்டாரத்து ரசிகர்களுக்குத் தனியாக ஒரு வாட்ஸப் குழு. கொழுந்து லாரி ஓட்டும் அருண்பிரசாத் அதற்கு அட்மின். அங்கே அன்றைக்கு வசவு மழை. அதில் மாலதியின் குரல்தான் மேலே நின்றது: "இதை எழுதுனவன் மட்டும் எங்க டிவிஷன் பக்கம் வரட்டும். முழங்காலுக்கு மேல வெச்சு அவனையே கவ்வாத்து பண்ணி அனுப்புறேன்."

மாலதியும் கோகிலவாணியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இருவருடைய குடும்பமும் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தது, ஆறாம் நம்பர் டிவிஷனில் ஒரே லயத்தில் சுவரொட்டிய வீடுகள். கோகிலவாணி ஊட்டிக்குப் போய் பி.ஏ. தமிழ் முடித்து அந்த லயத்தின் முதல் பட்டதாரியானாள். மாலதி திருப்பூர் மில்லுக்குப் போய், சூப்பர்வைசரை அறைந்துவிட்டுத் திரும்பி வந்து கொழுந்து பறித்தாள். அறுவர் படையில் யாருக்கு அதிகம் தெரியும் என்பதில் இருவருக்கும் எப்போதும் அடிதடிதான்.

அந்த வாரமே கோயமுத்தூரிலிருந்து அஸ்வந்த் கூப்பிட்டான். காமிக்ஸின் ஆசிரியர் அவன். உதவி ஆசிரியர் வேலைக்குக் கோகிலவாணி விண்ணப்பம் போட்டு, நேர்காணலும் முடிந்து, முடிவு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க கோகிலவாணி, ஞாயித்துக்கெழம உங்க ஊருக்கு வர்றேனுங்க. மலை ரசிகர்க என்ன சொல்றாங்கன்னு நேர்ல பாத்து வீடியோ எடுக்கோணும். உங்க வேலை விசயமும் பேசிக்கலாம்."

"வாங்க. என்ன சொல்றாங்கன்னு நல்லாவே கேக்கலாம்" என்றாள் கோகிலவாணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அம்மா வீரம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு பாப்பா. படிச்ச படிப்புக்கு ஒரு வேலை வருது. பொம்மைப் புத்தகத்துக்காக அதைக் கெடுத்துக்காத."

ஆறாம் நம்பர் டிவிஷனில் புது இதழ் வந்தால் லாவணி நடக்கும். மாசியில் காமன் கம்பம் நட்டு, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் டேப்பு என்கிற கைப்பறையை அடித்து மல்லுக்கட்டுவார்களே, அதே லாவணி. காமனுக்குப் பதில் காமிக்ஸ், அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரிப்பார்கள். எந்தக் கட்சி விழுந்தாலும் அதை விடாமல் பேச வேண்டும், மனசுக்குள் என்ன இருந்தாலும் சரி. நடுவில் கட்சி மாறுவது மானக்கேடு. விட்டுக்கொடுத்துத் தோற்பது அதைவிடக் கேடு. பதில் இல்லாதவர் தன் வாயாலேயே "தோத்தேன்" என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் அவருக்காகச் சொல்ல முடியாது.

ஞாயிறு மத்தியானம், பிள்ளைக் காம்பராவில் கூட்டம். வார நாளில் கொழுந்து பறிக்கிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கூடம் அது. அருண்பிரசாத் சீட்டைக் குலுக்கினான். மாலதிக்கு லயத்துக் கட்சி. கோகிலவாணி பிரித்துப் பார்த்தாள்: வாரிசுக் கட்சி. கதையில் செய்தது சரியென்று அவள் பேச வேண்டும்.

"நான் பேச மாட்டேன்" என்றாள்.

"பாருங்கடி, படிச்ச பிள்ள சீட்டைத் திருப்பிக் குடுக்குது" என்றாள் மாலதி. "காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? பயந்தா வீட்டுக்குப் போ. வீரம்மாக்காகிட்ட சீரகத் தண்ணி வாங்கிக் குடி."

கூடம் சிரித்தது. கோகிலவாணிக்குக் காது மடல் சுட்டது. அவள் எழுந்து நின்ற நேரத்தில்தான் அஸ்வந்த் உள்ளே வந்தான். மூடுபனியில் வண்டி ஊர்ந்து வந்ததில் தாமதம். சீட்டுக் குலுக்கியதை அவன் பார்க்கவில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. லாவணியில் சீட்டு உண்டென்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் போனை உயர்த்தினான். டேப்பு ஒலித்தது.

பேச மாட்டேன் என்றவள்தான் பேசினாள். எப்படிப் பேசினாள்! "ராக்காயி துரை பேத்தின்னு தெரிஞ்சுருச்சு. தெரிஞ்ச பொறவு எங்க போனா? பங்களாவுக்கா போனா? கடைசிப் பக்கத்தைப் பாருங்க, லயத்து வாசல்ல நிக்கிறா. லயத்துல பொறந்தவ லயத்துல கெடக்கிறது தலையெழுத்து. பங்களாவுல பொறந்தவ லயம்தான் வேணும்னு வர்றது பாசம். தலையெழுத்து பெருசா, பாசம் பெருசா? பெத்த பாலை விட்டுட்டு வளர்த்த பாலுக்கு வந்தாளே, அவளையா வேண்டாங்குறீங்க?"

சீழ்க்கை பறந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சொல்லச் சொல்லக் கோகிலவாணிக்குத் தன் நாக்கின் மேலேயே எரிச்சலாக வந்தது. இவ்வளவு கேவலமான கட்சிக்கு இவ்வளவு நல்ல வாதமா? ஆனால் ஓடுகிற நாக்கை இழுத்துப் பிடித்தால் அது லாவணி இல்லை. பேசி முடித்து உட்கார்ந்தாள்.

மாலதி எழுந்தபோது வானம் பிய்த்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. "மலைப்பாதையில பனி எறங்கிருமுங்க, நா கெளம்பறேன்" என்று அஸ்வந்த் சைகையாலேயே விடைபெற்றுப் போய்விட்டான். மறுகட்சி பேசாமலே கூட்டம் கலைந்தது. பாக்கியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அடுத்த வாரம் வரைக்கும் அஸ்வந்த் பொறுக்கவில்லை. கோகிலவாணி பேசிய துண்டை மட்டும் வெட்டி ஏற்றிவிட்டான். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'பங்களா ரத்தம் எங்களுக்குப் பெருமையே! எஸ்டேட் மகளின் நெகிழ்ச்சித் தீர்ப்பு.'

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. யாருக்குத் தெரியும்? வீடியோ பற்றிக்கொண்டது. "பாத்தீங்களா, எஸ்டேட்காரங்களே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு என்னடா வலிக்குது?" என்று, கதையைத் திட்டிய ஒவ்வொருவர் முகத்திலும் அவளைத் தூக்கி எறிந்தார்கள். கூடலூரில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "எத்தனை கிலோ கொழுந்துக்கு வித்த?" வால்பாறையிலிருந்து ஒருவன்: "பங்களா நாய்க்குட்டி நல்லா வாலாட்டுது." இதையெல்லாம் கோகிலவாணி திருப்பித் திட்டிவிடுவாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாரோ ஒரு வாசகி எழுதியதற்குத்தான் பதில் எழுத விரல் வரவில்லை: "நாங்க இங்க ராக்காயிய எங்கட பிள்ளைன்னு நெனச்சிருந்தோம் அக்கா."

கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அஸ்வந்தைக் கூப்பிட்டாள். "அது சீட்டுல விழுந்த கட்சிங்க. என் கருத்து கிடையாது. வீடியோவை எடுங்க."

"அருண்பிரசாத் கூட்டத்துக்கு அடுத்த நாளே மெசேஜ் போட்டாருங்க, ஏத்தறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றான் அஸ்வந்த், கொஞ்சமும் கூசாமல். "ஆனா பேசுனது நீங்கதானுங்களே? நா ஒண்ணும் டப்பிங் குடுக்கலையே. ஜனம் எப்படிப் பாக்குது பாருங்க! வேலை உங்களுக்குத்தானுங்க, உறுதியாயிருச்சு. அடுத்த இதழ் உள்ளட்டையில உங்க போட்டோ, கீழ அந்தப் பேச்சு. வெள்ளிக்கெழம சாயங்காலம் லைவ்ல உங்களை உதவி ஆசிரியரா அறிமுகப்படுத்தறேன். சனிக்கெழம அச்சுக்குப் போகுது."

"தெரிஞ்சுக்கிட்டேதான் போட்டிருக்கீங்க."

"கோவிச்சுக்காதீங்க. சக்திக்கு ஒரு பின்னணி வேணுமுங்களே. சும்மா கூலிக்காரப் புள்ளைக்கு எங்கிருந்து வரும்?"

கோகிலவாணிக்கு வந்த ஆத்திரத்தில் போன் சுவரில் பட்டுச் சிதறியிருக்க வேண்டும். கடைப் போன் என்பதால் தப்பியது. மூச்சை இழுத்துவிட்டு, "லாவணி பாதியில நிக்குது. மறுகட்சி பேசணும். உங்க லைவ்லயே வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"அட, தாராளமா! ஃபோக் மாதிரி இருக்கும், நல்லா போகும். டேப்பு மறந்துராதீங்க."

மாலதி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் மறித்து நின்றாள் கோகிலவாணி. "என்னைத் தோக்கடிடி."

"என்னாது?"

"கட்சி மாற முடியாது. எடுத்ததை விட்டுட்டா நாளைக்கு நம்ம பேச்சை எவளும் மதிக்க மாட்டா. பதில் இல்லாம தோத்தாத்தான் அந்தப் பேச்சு செல்லாது. லைவ்ல எல்லாரும் பாக்கத் தோக்கணும். இல்லைன்னா என் மூஞ்சியப் போட்டுத்தான் நாம ஒத்துக்கிட்டோம்னு அச்சடிப்பான்."

மாலதி இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து உதறினாள். "வேலை?"

"போகட்டும்."

"நல்லா இருக்குடி நியாயம். நீ பேசிக் கெடுப்ப, நான் வந்து தூக்கிவிடணுமா? ஒண்ணு சொல்றேன். நீ விட்டுக்குடுக்கிறேன்னு தெரிஞ்சா டேப்பை உன் மண்டையிலயே ஒடைப்பேன். மோதறதுன்னா முழுசா மோது. பள்ளிக்கூடத்துலருந்து உன்னை ஜெயிச்சதில்ல நான்."

அதுதான் கோகிலவாணியின் பயமும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைக் காம்பரா நிறைந்துவிட்டது. வீரம்மா மட்டும் வரவில்லை. அருண்பிரசாத் போனை ஜன்னல் கம்பியில் கட்டினான். திரையின் ஒரு பாதியில் அஸ்வந்த், பின்னால் அறுவர் படையின் பெரிய படம். மறுபாதியில் கூடம். கீழே ரசிகர்களின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சென்னை, மதுரை, வால்பாறை, கொழும்பு என்று எல்லா இடத்திலிருந்தும் பார்த்தார்கள்.

மாலதி டேப்பைத் தட்டிவிட்டுக் கேட்டாள்: "சக்தி துரை ரத்தத்துலன்னா, முதல் இதழ்ல ராக்காயியோட அம்மா பாம்பு கடிச்சும் எழுந்து வேலைக்குப் போனாளே, அது எந்த ரத்தம்?"

"அது ரத்தமில்ல, மருந்து. நாலாவது இதழ்ல வைத்தியர் வாயாலேயே சொல்றாரு. படிச்சியா, படம் மட்டும் பாத்தியா?"

கூடம் 'ஓ' என்றது. அஸ்வந்த் கைதட்டினான். கோகிலவாணிக்கு அவன் கையை வெட்ட வேண்டும்போல இருந்தது.

"சரி, அப்ப நிறம் ஏன் மாறுச்சு? துரை பேத்தின்னு சொன்ன ஒடனே சுண்ணாம்பு அடிச்சுட்டாங்களா?"

"ஒரு குடம் ரத்தம் போயி மயங்கிக் கெடந்து எந்திரிச்சவ வெளுக்காம என்ன செய்வா? உனக்கு ஒரு அட்டை கடிச்சாலே ரெண்டு நாளைக்கு வெளுத்துத் திரியுற."

சிரிப்பு. மாலதி உதட்டைக் கடித்தாள். அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று கோகிலவாணி தெரிந்துதான் வைத்திருந்தாள். கடைசிப் பக்கம், பட்லர், அபூர்வப் பூ, எதைத் தொட்டாலும் பதில் நாக்கு நுனியில் தயார். ஜெயித்துக்கொண்டிருந்தாள். கேளுடி, எனக்குத் தெரியாததைக் கேளு என்று உள்ளுக்குள் கத்தினாள். வெளியே ஒரு புருவம்கூட அசையவில்லை.

மாலதி டேப்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, சண்டைக் குரலே இல்லாமல் கேட்டாள்.

"தொட்டில்ல பிள்ளைய மாத்துனாங்க. சரி. மாத்துனா மொத்தம் எத்தனை பிள்ள?"

"ரெண்டு."

"துரை வீட்டுப் பிள்ள லயத்துக்கு வந்துச்சு. அது ராக்காயி. லயத்துப் பிள்ள எங்க?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

"பங்களாவுக்குப் போச்சுல்ல? அது பேரு என்னா? இருக்கா, செத்துச்சா? பெத்தவ அதைத் தேடுனாளா? துரை பேத்தி காணாமப் போனது ரகசியம், அதுக்குத் தலைப்பு, அட்டைப்படம், அழுறதுக்கு ஒரு பட்லர். எங்க பிள்ள ஒண்ணு காணாமப் போயிருக்கே, அதுக்கு ஒரு கட்டம் உண்டா? ஒரு மூஞ்சி உண்டா? சொல்லுடி வாரிசுக் கட்சிக்காரி."

கோகிலவாணி இதழை மனசுக்குள் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். தொட்டில் படம் இருந்தது. ஒரு தொட்டில், ஒரு குழந்தை. பட்லரின் கை இருந்தது. பங்களா வராந்தா இருந்தது. அந்தப் பிள்ளை இல்லை. எங்கேயும் இல்லை.

"அது அடுத்த பாகத்துல வருமுங்க!" என்று திரையிலிருந்து குறுக்கே விழுந்தான் அஸ்வந்த்.

கோகிலவாணி சட்டென்று திரும்பினாள். அவன் சொன்னது உண்மையானால் அது பதில்தான். கட்சிக்காரியாக அவள் அதைப் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும். "வருமா? எழுதியாச்சா?"

"எழுதலைங்க... யோசிச்சுட்டு இருக்கோம்."

"அந்தப் பிள்ளைக்குப் பேரு வெச்சாச்சா?"

அஸ்வந்த் பக்கத்தில் யாரையோ பார்த்தான். "அப்படி ஒரு கேரக்டர்... உண்மையச் சொன்னா, அதை நாங்க கணக்குல எடுத்துக்கலைங்க."

கோகிலவாணி போன் அருகில் போனாள். உள்ளட்டையில் வரப்போகிற அதே முகம் திரை முழுக்க நிற்கும்படி நின்றாள்.

"தோத்தேன்" என்றாள். "கேட்டுச்சுங்களா? வாரிசுக் கட்சி தோத்துருச்சு. போன ஞாயித்துக்கெழம நான் பேசுனது இனிமே செல்லாது. தோத்த பேச்சை அச்சுல போடக் கூடாது. போட்டோவ எடுங்க."

"ஜாலியா முடிச்சுக்கலாமுங்க கோகிலவாணி. இப்ப நம்ம புது உதவி ஆசிரியர்..."

"யாருங்க உதவி ஆசிரியர்? எங்க பிள்ளை ஒண்ணைத் தொலைச்சுட்டு, தொலைச்சதே தெரியாம ட்விஸ்ட்டுன்னு விக்கிறீங்க. அதுக்கு நான் உதவி பண்ணணுமா? சும்மா கூலிக்காரப் புள்ளைக்கு எங்கிருந்து சக்தி வரும்னு கேட்டீங்களே, அதையும் இங்க ஒரு தடவை சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

திரை இருண்டது. அவன் துண்டித்துவிட்டான். துண்டிப்பதற்கு முன் கடைசியாக ஓடிய வரிகளை அருண்பிரசாத் தன் போனில் பிடித்து வைத்திருந்தான். உரக்கப் படித்தான். "அந்தப் பாப்பா எங்க?" "ஆமால்ல?" "வால்பாறையிலிருந்து கேட்கிறோம், எங்கள் பிள்ளை எங்கே?" நடுவில் ஒருவன், "காமிக்ஸுக்குப் போய் இவ்வளவு சீனா" என்று எழுதியிருந்தான். அவனைக் கூடமே சேர்ந்து வைதது.

மாலதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழுவுறியா?"

"கோவம்டி." கோகிலவாணி முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். "எத்தனை தடவை படிச்சேன். வரிக்கு வரி திட்டுனேன். எனக்கே ராக்காயி மட்டும்தான் தெரிஞ்சா. அவங்க காட்டுன பிள்ளையத்தான் நானும் பாத்திருக்கேன். தூ!"

"அந்தத் தூவை அவனுங்க மேல துப்பு, உன் மேல துப்பிக்காத" என்றாள் மாலதி. "ஆமா, வீரம்மாக்காகிட்ட யாரு சொல்லப்போறா?"

"நீதான் ஜெயிச்ச. நீயே சொல்லு."

"ஐயோ, என்னால ஆகாது. வெளக்கமாறு பிஞ்சுரும்."

கூடத்தில் யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசைப் பெண்களுக்குள் அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது. காணாமல் போன பிள்ளைக்கு என்ன பெயர், அதற்கு என்ன சக்தி என்று. காத்தாயி என்றாள் ஒருத்தி. ஆண்டாயி என்றாள் இன்னொருத்தி. அவளுக்குப் பங்களாச் சுவருக்குள் நடப்பதெல்லாம் காதில் விழும் என்றது ஒரு குரல். சும்மா காதில் விழுந்து என்ன பிரயோசனம், ஊதினால் பங்களா ஓடு பறக்க வேண்டும் என்றது பின்வரிசை.

"ஓடு மட்டும் பறந்தாப் போதுமா?" என்று கோகிலவாணி எழுந்து நின்றாள். குரலில் சூடு இன்னும் இறங்கவில்லை. "உள்ள இருக்கிறவங்களை என்ன பண்றது? அதைச் சொல்லுங்க மொதல்ல."